பத்து நிமிட ஓட்டத்தைப் பார்த்து ஹைட்ரோ ட்ரக்டர் வாங்காதீர்கள்

மலைநாட்டில் மரக்கறிச் செய்கை செய்பவர்களுக்காக இந்தப் பதிவு. பாவித்த ஜப்பான் சிறிய ட்ரக்டர் வாங்கப் போகும் இடத்தில், "கிளச் மிதிக்கத் தேவையில்லை, கியர் மாற்றத் தேவையில்லை, மலைக்கு இதைவிட வேறு மெசின் இல்லை" என்று ஹைட்ரோ (கியருக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டேடிக் ட்ரக்டர்) ஒன்றைக் காட்டினால், அட்வான்ஸ் கொடுக்க முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வெலிமடைப் பக்கம் கரட்டும் உருளைக்கிழங்கும் போடும் ஒரு குடும்பம், கீழ்நாட்டில் ஒரு யார்டில் 20 குதிரைவலு ஹைட்ரோ ஒன்றை வாங்கியது. காலையில் யார்டின் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். முன்னே, பின்னே, வட்டமாக, எல்லாம் நன்றாகத்தான் போனது. நிலத்தில் இறக்கி ரொட்டவேட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் ஆனதும் மேல்தட்டுக்கு ஏற மறுத்தது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. நிறுத்திவிட்டுப் பின்னேரம் எடுத்தால் ஏறுகிறது. அடுத்த நாள் காலையிலும் நல்ல பிள்ளை. வெயில் ஏற மறுபடி அதே கதை.

யார்டுக்குக் கோல் எடுத்தபோது வந்த பதில்: "காலையில ஓடுதுதானே அண்ணே? அப்ப மெசின்ல பிழை இல்ல. ஓட்டுறவருக்குத்தான் பழக்கமில்ல."

கராஜில் ஒயிலை இறக்கியபோது வந்தது ட்ரான்ஸ்மிஷன் ஒயிலே இல்லை. கந்தக வாடையுடன் பாணி மாதிரி இழுபடும் 90ஆம் நம்பர் கியர் ஒயில். ஃபில்டரை வாளால் அறுத்துத் தாளை விரித்தால், மடிப்புகளுக்குள் பித்தளை நிறத்தில் மினுங்கும் தூள். பம்ப் தேய்ந்து முடிந்த மெசின். தேய்மானத்தை மறைப்பதற்காகவே தடித்த ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

இந்த வித்தை எப்படிப் பலிக்கிறது என்று விளங்கினால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. கியர் ட்ரக்டரில் எஞ்சினின் வலு பல்லோடு பல் கடித்துச் சக்கரத்துக்குப் போகிறது. ஹைட்ரோவில் நடுவில் ஒயில் நிற்கிறது. எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்றும். அந்தப் பம்ப் தள்ளும் ஒயில் ஒரு மோட்டரைச் சுற்றும். மோட்டருக்குப் பின்னால்தான் ஆமை (மெதுவு), முயல் (வேகம்) படம் போட்ட ரேஞ்ச் கியர் இருக்கிறது. பெடலை மிதித்தால் பம்புக்குள் இருக்கும் தட்டு சாய்கிறது. சாய்வு கூடக்கூட ஒயில் அதிகம் போகும், வேகம் கூடும். பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும், சிலிண்டர் பிளொக்குக்கும் அது உராயும் வால்வுத் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமயிரை விட மெல்லியது. அது தேய்ந்து அகன்றால் அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும், மோட்டருக்குப் போகாது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அதனால்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்வரை அந்தக் கசிவு குறைவு. சூடேறி ஒயில் தண்ணீர் மாதிரி இளகியதும் பம்பின் உண்மை நிலை வெளியே வரும். 90ஆம் நம்பர் ஊற்றினால் அந்த நேரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. தையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் காலை நேரத்தில் அந்தத் தடித்த ஒயில் உறிஞ்சும் ஃபில்டரைத் தாண்டி வராது. பம்ப் பட்டினி கிடந்து, ஒயிலுக்குள் குமிழி கட்டி, மிச்சமிருக்கும் உலோகத்தையும் அரித்துவிடும். மறைக்கப் போட்ட ஒயிலே பம்பைக் கொன்று முடிக்கும்.

இன்னொரு வித்தையும் உண்டு. அழுத்தம் மிஞ்சினால் ஒயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றுவார்கள். மெசின் திடீரென்று பலசாலியாகிவிடும், பிறகு ஒரு நாள் சீலோ ஹோஸோ வெடிக்கும். அந்த வால்வின் மூடியில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், ஏன் கழற்றினீர்கள் என்று நேரே கேளுங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். முதலில் எஞ்சின் குளிராக இருக்கும்போது போய்ச் சேருங்கள். பொனெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். நீங்கள் வர முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட் எடுக்கும் பிரச்சினை ஒன்றை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினைக் குளிரில் பார்க்க வேண்டும், ஹைட்ரோவைச் சூட்டில் பார்க்க வேண்டும். ஆகவே ஸ்டார்ட் செய்த பிறகு குறைந்தது 40 நிமிடமாவது ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கி வேலை வாங்குங்கள். சும்மா ஓட விட்டால் ஒயில் போதிய அளவு சூடாகாது. "இங்கே உழ இடமில்லை" என்று சொன்னால் வேறு யார்டைப் பாருங்கள்.

சூடான பிறகு ஒரு மேட்டுக்குக் கொண்டுபோங்கள். ரேஞ்சை ஆமைக்குப் போட்டு, எஞ்சினை 2000க்கு மேல் வைத்து, மெதுவாக ஏற்றுங்கள். நடு மேட்டில் பெடலை விடுங்கள். பின்னால் இலேசாக நகர்வது நல்ல ஹைட்ரோவிலும் உண்டு. அதனால்தான் மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் கட்டாயம். ஆனால் நடக்கும் வேகத்தில் உருண்டால் பம்ப் போய்விட்டது. அடுத்தது மண்மேட்டில் முன்பக்கத்தை முட்ட வைத்துச் செய்யும் சோதனை. ஆமையில் பெடலை மெதுவாக மிதித்தால் சக்கரம் சுழன்று மண்ணைப் பறிக்க வேண்டும். முயலில் மிதித்தால் எஞ்சின் இறங்கி மூச்சு வாங்க வேண்டும். இரண்டுமே நடக்காமல் வெறும் கீச்சென்ற சத்தம் மட்டும் வந்தால் வலு உள்ளேயே கசிகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டாம், நல்ல பம்பும் கெட்டுவிடும்.

ஒயிலையும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் எடுத்து, கைநூல் சொல்லும் ட்ரான்ஸ்மிஷன்-ஹைட்ரோலிக் ஒயிலின் ஒரு சொட்டோடு ஒரு கண்ணாடித் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுச் சாய்த்தால், எது தடிப்பு என்று அந்தக் கணமே தெரியும். பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. உங்கள் செலவில் புது ஃபில்டர் ஒன்றைக் கொண்டுபோய், பழையதைக் கழற்றி அறுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரும்புத் தூள் கொஞ்சம் வருவது ரேஞ்ச் கியரின் இயல்பான தேய்மானம். பித்தளை நிறம் வந்தால் பிஸ்டன் செருப்பும் (சாயும் தட்டில் உராயும் அதன் அடிப்பகுதி) வால்வுத் தட்டும் கரைகின்றன. பேரம் பேசத் தேவையில்லை, திரும்பி வந்துவிடலாம்.

மணி மீட்டரை நம்ப வேண்டாம், மாற்றுவது சுலபம். பெடல் ரப்பர், பின்னால் சாமான் பூட்டும் த்ரீ பொயின்ட் லிங்கில் ஆணி போகும் துளைகள், ரொட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் ஆகியவை பொய் சொல்லாது. 400 மணித்தியாலம் ஓடிய மெசினில் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்க நியாயமில்லை.

இனி, விற்றவர்கள் பழியைத் தூக்கிப் போடும் இடம்: "ஓட்டத் தெரியவில்லை." இந்த ஒரு விடயத்தில் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். கார் ஓட்டிய பழக்கத்தில், மேட்டில் வேகம் குறைந்தால் பெடலை இன்னும் அழுத்துவோம். ஹைட்ரோவில் அது தலைகீழ். பெடலை அழுத்த அழுத்த இழுவை குறையும், தளர்த்தினால்தான் இழுவை கூடும். மேட்டில் திணறினால் பெடலைப் பாதிக்கு விடுங்கள். அதற்கும் ஏறாவிட்டால் நிறுத்தி ஆமைக்குப் போடுங்கள். முயலில் வைத்து மேடேற்றுவதும், ரிலீஃப் வால்வு கத்தக் கத்தப் பெடலை மிதித்துப் பிடிப்பதும் ஒயிலைக் கொதிக்க வைக்கும். நம் மண்ணில் கூலிங் இறக்கைகளில் சேறு அப்பிக் காய்ந்துவிடுவதால் சூடு இரட்டிப்பாகும். இவ்வளவும் சரியாகச் செய்தும் சூட்டில் ஏறவில்லை என்றால் பிழை ஓட்டியவரில் இல்லை. இதை வீடியோ எடுத்து வையுங்கள்: ஆமையில் இருக்கும் ரேஞ்ச் லீவர், பாதி மிதித்த பெடல், சுற்றாத சக்கரம், மூன்றும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் வாரண்டிக் காகிதத்தில் இருந்த பொறியையும் சொல்ல வேண்டும். "எஞ்சின், கியர்பொக்ஸ், 3 மாதம்" என்று எழுதியிருந்தது. பம்ப் போய்விட்டது என்றதும், "ஹைட்ரோவில் கியர்பொக்ஸ் கிடையாது, இது ஹைட்ரோலிக் சாமான், வாரண்டியில் சேராது" என்று கையை விரித்தார்கள். சாமான் விற்கும்போது கியர் இல்லாதது பெருமை, திருப்பிக் கேட்கும்போது அதுவே தப்பிக்கும் வழி. ஹைட்ரோ வாங்கினால் "ஹைட்ரோஸ்டேடிக் பம்ப், மோட்டர், சார்ஜ் பம்ப்" என்று பெயர் பெயராக எழுதி வாங்குங்கள் (சார்ஜ் பம்ப் என்பது பெரிய பம்புக்கு ஒயில் ஊட்டும் சின்னப் பம்ப்). சூடான நிலையில் மேடேறிய சோதனை நடந்ததென்று ஒரு வரியும், சேசி நம்பரும், எஞ்சின் நம்பரும் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும்.

கியர் மெசினிலும் திருகுதாளம் இல்லாமல் இல்லை. ஆனால் பிடிப்பது இலகு. பிரேக்கை மிதித்து, பெரிய கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டால் எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளச் பிளேட் வழுக்குகிறது. ஒவ்வொரு கியரிலும் இறக்கத்தில் எக்சிலரேட்டரை விட்டு இறக்கிப் பாருங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் அந்த மெசின் மலைக்கு வேண்டவே வேண்டாம், அது உயிர் சம்பந்தப்பட்டது. கிளச் பிளேட் நம் டவுன்களில் கிடைக்கும், எந்த மெக்கானிக் பாஸும் போடுவார். ஹைட்ரோ பம்ப் அப்படியல்ல. பெரும்பாலும் முழு யூனிட்டாகவே ஓடர் கொடுத்து எடுக்க வேண்டும், அதுவும் ஜப்பான் உள்நாட்டு மொடல் என்றால் பார்ட் நம்பர் தேடுவதே தனி வேலை.

அப்படியானால் எது எடுப்பது? யார்டில் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர். 20 குதிரைவலு அங்கே 16க்குக் கொஞ்சம் மேல்தான். அதற்குப் பிறகு ஹைட்ரோ, சக்கரத்துக்குப் போகும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒயில் சூடாகவே தின்றுவிடும். கியரில் அதில் பாதிகூடப் போகாது. ஆகவே கீழ்நாட்டில் 20 போதுமென்றால், நுவரெலியாவில் ஹைட்ரோவுக்கு 25க்குக் குறையாமல் பாருங்கள்.

தட்டுத் தட்டாக வெட்டிய, பத்துப் பதினைந்து பேர்ச் துண்டுகளில் ரொட்டவேட்டர் மட்டும்தான் வேலை என்றால் நல்ல ஹைட்ரோ அருமையான மெசின். நாலு எட்டுக்கு ஒருமுறை திருப்ப வேண்டிய இடத்தில் கிளச் காலுக்கு வேலையில்லை. பி.டி.ஓ. சுழற்சி குறையாமலே முன்னேறும் வேகத்தை மட்டும் குறைக்கலாம், லீக்ஸ் பாத்தி மண் மாவாக வரும். (பி.டி.ஓ. லீவரில் மூன்று நான்கு வேகம் இருந்தால் முதலாவதில் வையுங்கள். மற்றவை நாம் பூட்டும் சாமான்களுக்கு அதிகம்.) ட்ரெய்லரில் கோவாவும் கரட்டும் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோவது, கலப்பை இழுப்பது, கூலிக்கு நாள் முழுக்க ஓடுவது என்றால் யோசிக்காமல் கியர் எடுங்கள். இறக்கத்தில் சின்னக் கியரில் போட்டு எஞ்சினாலேயே பிடித்து இறக்கலாம், கிளச்சை மட்டும் மிதித்துவிடக் கூடாது. பிரேக் இல்லாத ட்ரெய்லரின் பாரம் ட்ரக்டரின் பாரத்தைத் தாண்டினால் எந்த மெசினும் பிடிக்காது.

ஏமாந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, விற்பனை நடந்து மூன்று மாதம்தான் அவகாசம். "அடுத்த வாரம் பாஸை அனுப்புகிறோம்" என்று யார்டுக்காரர் இழுத்தடிப்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான். அதிகாரசபையின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, வாரண்டிக் காகிதம், வீடியோ, அறுத்த ஃபில்டரின் படம் எல்லாவற்றையும் கொடுங்கள். இறக்கிய ஒயிலில் அரை லீற்றரைச் சுத்தமான போத்தலில் அடைத்து, சாட்சி ஒருவரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மெசினைத் திருப்பி அனுப்பும்போது கயிறு கட்டி இழுத்துச் செல்ல வேண்டாம். ரேஞ்ச் கியரில் இருக்கும்போது இழுத்தால் சக்கரமே மோட்டரைச் சுற்றி அது நிஜமாகவே உடையக்கூடும், யார்டுக்காரருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. லொறியில் ஏற்றி அனுப்புங்கள். லொறி வரை நகர்த்துவதற்கும் ரேஞ்சை நியூட்ரலில் போட்டு, ஆள் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள்.