கிக்கரைக் கழற்றாமலே கிளட்ச் பிளேட் மாற்றிய மெக்கானிக்

பில்லில் தெளிவாகவே எழுதியிருந்தது: கிளட்ச் பிளேட் செட் 1, பேக்கிங் 1, கூலி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டியைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் வலதுபக்க இன்ஜின் கவர் கண்ணில் பட்டது. அதன் போல்ட் தலைகளைச் சுற்றி மழையில் தெறித்த சேறு காய்ந்து ஓடாகக் கிடந்தது. நகத்தால் நெம்பினால்தான் பெயர்கிறது. ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. கிக்கரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, பல மாதமாக யாரும் தொடாத துரு.

கிளட்ச் இருப்பது அந்தக் கவருக்குள். பெரும்பாலான 100, 110 சிசி கியர் வண்டிகளில் கிக்கர் தண்டு அந்தக் கவர் வழியாகத்தான் வெளியே வரும். வண்டியை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் ஆயிலை இறக்காமல்கூடக் கவரைத் திறந்துவிடலாம், கைதேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிக்கரைக் கழற்றாமல் மட்டும் முடியாது. அப்படியென்றால் என் வண்டிக்குள் புது பிளேட் எந்த வழியாகப் போனது?

கதை அதற்கு மூன்று வாரம் முன்பு ஆரம்பிக்கிறது. 100 சிசி வண்டி, 41,000 கிலோமீட்டர் ஓடியது. வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர். பெரிய குறை எதுவும் இல்லை. செயின் கொஞ்சம் சலசலத்தது, மைலேஜ் குறைந்த மாதிரி ஒரு சந்தேகம், அவ்வளவுதான். வழக்கமாகப் பார்ப்பவர் கடையை மூடிவிட்டதால் புதிதாக ஒருவரிடம் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார்.

“தம்பி, இன்ஜின்ல உசுரே இல்ல. ஃபுல்லா பாத்துத் தர்றேன், சாயங்காலம் வாங்க.”

அந்த ‘சாயங்காலம் வாங்க’வில்தான் நான் விழுந்தேன். பக்கத்தில் நின்றிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

அன்று அவர் பட்டியல் போட்ட வேலைகள்: ஆயில் மாற்றுவது, செயின் செட் புதிது, மைலேஜுக்கு கார்புரேட்டர் டியூனிங். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். “பின்னாடி டயரு எலி வால் மாதிரி இருக்கு தம்பி. கொஞ்சம் அகலமாப் போட்டா வண்டி லுக்கே மாறிடும், ரோட்டுலயும் நல்லாப் பிடிக்கும்.” என் மேலும் தப்பு இருக்கிறது. அந்த ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கம்பெனி கொடுத்த அளவு 2.75-18, அதாவது 2.75 அங்குல அகலம். அவர் போட்டது 100/90-18, அதாவது 100 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 4 அங்குலம். ரிம்மைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

வண்டி கைக்கு வந்த முதல் இரண்டு நாள் எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. காலையில் பத்துப் பன்னிரண்டு உதைக்குக் குறைந்து ஸ்டார்ட் ஆகவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடித்தது. பின்பக்கம் எதுவோ உரசுகிற சத்தம். ஒரு வாரம் கழித்து மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் இன்ஜின் மட்டும் அலறுகிறது, ஸ்பீடாமீட்டர் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. லேசாகக் கருகிய வாசனை வேறு. கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் வழுக்கி இன்ஜினின் விசை சக்கரத்துக்கு முழுதாகப் போகவில்லை.

திரும்ப அவரிடமே போனேன். வேறு எங்கே போவது? “41,000 ஓடியிருக்கு, பிளேட் போயிருக்கும். நான் அன்னைக்கே நெனச்சேன்” என்றார். அன்றைக்கே நினைத்தவர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுபடியும் ‘சாயங்காலம் வாங்க’. அந்தச் சாயங்காலம் வாங்கிய பில்தான் மேலே சொன்னது.

சரி, சேற்றைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சந்தேகம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. முதலில் கிளட்ச் கேபிளைப் பார்த்தேன். இன்ஜின் பக்கத்தில் கேபிள் முடியும் இடத்தில் ஒரு அட்ஜஸ்டர் இருக்கும், மரையும் இரண்டு நட்டுமாக. அந்த மரை முழுக்க அழுக்கு, நட்டு நகர்ந்த இடத்தில் மட்டும் ஒரு விரற்கடைக்குப் பளபளப்பு. விஷயம் புரிந்தது. முதல் சர்வீஸில் கேபிளை இழுத்து டைட் செய்திருக்கிறார். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். துளிகூட ஆட்டம் இல்லாவிட்டால் நாம் லீவரை விட்டபிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, அரைகுறையாக வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது முறை போனபோது அதே நட்டைத் தளர்த்தியிருக்கிறார். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பெயர் கிளட்ச் பிளேட் செட்.

அடுத்தது அந்த உரசல் சத்தம். என் வண்டியில் செயினை முழுசாக மூடிய கவர். மூடிய கவர் செயினுக்கு நல்லது, ஏமாற்றுகிறவருக்கு அதைவிட நல்லது. கழற்றிப் பார்த்தால் கவரின் சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில் புது டயர் தேய்த்துத் தேய்த்துத் தகடு வெள்ளையாக மின்னுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயினில் ஒரு இடத்தில் கண் நின்றது. ஆறு மாதம் முன்பு செயினைக் கழற்றிக் கழுவி நானே மாட்டினேன். அப்போது செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லாக்கைப் போடும்போது கட்டிங் பிளேயர் வழுக்கி லாக்கின் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. அந்த வெட்டு அப்படியே இருந்தது! ‘புது’ செயினில் என் பழைய லாக். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸை அப்பி, இழுத்துக் கட்டியிருக்கிறார். பின் சக்கரத்துப் பல்சக்கரத்துக்குக் கறுப்பு பெயின்ட் வேறு. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி நிற்கின்றன. தேய்ந்துபோன பல்லின் அடையாளம் அது.

இன்னொரு கூத்து, லாக்கைத் திருப்பி மாட்டியிருந்தார். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். வாய் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடலாம். ஓடும்போது செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஏமாற்றியதுகூட ஒரு பக்கம், இதை நினைத்துத்தான் எனக்கு அன்று கை நடுங்கியது.

மூன்றாவது, ஆயில். ஒரு லிட்டர் கேனில் மிஞ்சியதை மூடி சைடு பாக்ஸில் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்காக அவரை நல்லவர் என்றுகூட நினைத்தேன். கேனின் பின்பக்கத்தைத் திருப்பினால் ஜாசோ எம்பி என்று இருக்கிறது. ஜாசோ என்பது இன்ஜின் ஆயிலைத் தரம் பிரிக்கும் ஜப்பானிய அளவுகோல். கியர் வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது, அதனால் எம்ஏ அல்லது எம்ஏ2 போட்ட ஆயில்தான் வேண்டும். எம்பி உராய்வு குறைந்த ஆயில், கிளட்ச் தனியாக ஆயில் படாமல் இருக்கும் ஸ்கூட்டர்களுக்கானது. கிளட்ச் பிடிப்பதே உராய்வில்தான். அதைக் குறைத்துவிட்டு, கேபிளையும் இழுத்துக் கட்டினால் ஸ்லிப் ஆகாமல் என்ன ஆகும்? அவர் வேண்டுமென்றே செய்தாரா, கடையில் இருந்ததை ஊற்றினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். எப்படியோ, முதல் பில்லின் வேலை இரண்டாவது பில்லைப் பெற்றுப் போட்டது.

மறுநாள் வேறொரு வயதான மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். இந்த முறை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கிக்கரைக் கழற்றினார், கவரைத் திறந்தார், பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெர்னியரில் அளந்தார். பழைய பிளேட்டுகள்தான், ஆனால் அளவுக்குள்ளேயே இருந்தன. மேற்பரப்பு மட்டும் கொஞ்சம் வழவழத்திருந்தது. “இதை எதுக்கு மாத்தணும்?” என்று அவரே கேட்டார். எமரி தாளில் லேசாகத் தேய்த்து மாட்டி, புது பேக்கிங் வைத்து, எம்ஏ2 ஆயில் ஊற்றி, கேபிளைச் சரி செய்தார். மேம்பாலத்தில் அலறல் நின்றது.

பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை பழுப்பாக இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மைலேஜுக்காக என்று கார்புரேட்டரில் காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலை ஒரேயடியாகக் குறைத்துவிட்டார்கள், காற்று ஃபில்டர் குழாயும் சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த ஸ்க்ரூ ஐட்லிங்கையும் லேசாகத் திறந்த ஆக்ஸிலரேட்டரையும்தான் பார்த்துக்கொள்ளும், மீதி ஓட்டம் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட், ஊசியின் கையில். அதைத் திருகி மைலேஜை அள்ளித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். என்னுடையது முக்கால் சுற்றில் நின்றது. பிரேக் பிடித்தபடி இருந்தது, செயினும் கம்பி மாதிரி விறைத்திருந்தது. செயின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆட வேண்டும். என் மைலேஜ் போன இடம் அதுதான். கூடவே அந்த டயரும்.

டயருக்கு அந்தப் பெரியவரிடமும் வைத்தியம் இல்லை. என் ரிம் 1.60 அங்குல அகலம். அந்த அளவு டயருக்கு 2 அங்குலத்துக்கு மேல் அகலமான ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி மேடாகிவிடும். அகலமாகப் போட்டும் ரோட்டில் படுவது நடு வரி மட்டும்தான். திருப்பத்தில் வண்டி சட்டென்று சரிகிற மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம். பிடிமானத்துக்காகப் போட்ட டயர் இருந்த பிடிமானத்தையும் கெடுத்தது.

இப்போது நான் செய்வது இதுதான். எந்தக் கடையில் விட்டாலும் அதற்கு முந்தின இரவு செயினில் ஒரு கண்ணியிலும் பல்சக்கரத்திலும் நெயில் பாலிஷால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு புள்ளி, பிரேக் ஷூ மாற்றுகிற மாதிரி இருந்தால் அதிலும் ஒன்று. ஃபோட்டோவும் எடுத்து வைக்கிறேன். பழைய சாமான் கையில் வராமல் பணம் கொடுப்பதில்லை, இதை வண்டியை விடும்போதே சொல்லிவிடுகிறேன். ஆயில் கேனை நானே வாங்கிப் போய், சீலை என் கண் முன்னால் உடைக்கச் சொல்கிறேன். சில மெக்கானிக்குகளுக்கு முகம் சுருங்கும். நல்ல மெக்கானிக் யாருக்கும் இதுவரை சுருங்கவில்லை.

ஏமாற்றிய அந்த ஆளிடம் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். பில்லை நீட்டி, பழைய பிளேட் எங்கே அண்ணே என்றேன்.

“பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி. அதெல்லாம் யாரு வச்சிக்கிறா?”

“கிக்கரைக் கழட்டாம எப்படிண்ணே மாட்டினீங்க?”

கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கடைப் பையனிடம் வேறொரு வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செயின் லாக்கைக் காட்டச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தேன், காட்ட ஆள் இல்லை. பணம் வரவில்லை. கிளம்பும்போது, என் பழைய பின் டயரையாவது கொடுங்கள், பாதி ஆயுசுக்கு மேல் பாக்கி இருந்தது, அதையே மாட்டிக்கொள்கிறேன் என்று பையனிடம் கேட்டேன். பையன் பொய் சொல்லத் தெரியாதவன். அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு வண்டிக்கு மாட்டிவிட்டார்களாம்.