பூனைக்கான ரேபிட் கார்டு: ஒரு லேப் டெக்னீஷியனின் மதிப்பீடு

கொரியாவின் பயோநோட் நிறுவனம் தயாரிக்கும் ஆனிஜென் எப்.ஐ.வி., எப்.இ.எல்.வி. ரேபிட் கார்டு, பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ், பூனை லுகேமியா வைரஸ் ஆகிய இரண்டின் தொற்றையும் சில நிமிடங்களில் காட்டும் நல்ல கார்டு. பூனை வளர்ப்பவர்கள் அதை நம்பிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் அதில் விழும் ஒரே ஒரு கோட்டை வைத்து ஒரு குட்டி வாழலாமா, கூடாதா என்று முடிவெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. திருச்சியில் அரசு மருத்துவமனை லேபில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மலேரியா, டெங்கு, மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. என்று எத்தனையோ வகைக் கார்டுகளில் சொட்டு விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்திருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

குட்டியின் பெயர் சிட்டு. உறையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தாயில்லாமல் கிடைத்தது. வயது இரண்டு மாதம் இருக்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தும் எடை ஏறவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. ரத்தசோகை என்று எனக்கே தெரிந்தது. காரணத்தைத் தேடும்போதுதான் மருத்துவர் இந்தக் கார்டைக் கையில் எடுத்தார். எங்களிடம் 1,400 ரூபாய் வாங்கினார்கள்.

ஒரே பிளாஸ்டிக் கார்டில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று எப்.ஐ.வி.க்கு, மற்றது பூனை லுகேமியா வைரசான எப்.இ.எல்.வி.க்கு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் தேடுவது வேறு வேறு. எப்.ஐ.வி. ஜன்னல், அந்த வைரசை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. தாய்ப்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியின் ரத்தத்தில் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம் என்பதால், சின்னக் குட்டிக்கு அங்கே கோடு விழுந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. லுகேமியா ஜன்னலோ வைரசின் சொந்தப் புரதமான பி27-ஐயே தேடுகிறது. தாயின் ஆன்டிபாடி அதைக் குழப்பாது, தடுப்பூசியும் குழப்பாது. எனவே எட்டு வாரக் குட்டிக்குக்கூட இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் தாயின் வயிற்றிலோ பாலிலோ தொற்றிய குட்டிக்கு வைரஸ் ரத்தத்தில் தலைகாட்டச் சில வாரங்கள் ஆகலாம். கோடு விழவில்லை என்றாலும் பின்னால் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

கார்டின் பையில் 2 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கிறது. திருச்சி வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரி சாதாரணம். கூரியர் வண்டியில் ஒரு பகல் முழுக்க வெந்த கார்டு என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் போன இடத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, என் கண் முன்னே பையைக் கிழித்தார்கள். காலாவதித் தேதியையும் நானே படித்துப் பார்த்தேன். கார்டு சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு பளிச்சென்று வந்தது. பத்து நிமிடத்தில் லுகேமியா ஜன்னலில் இன்னொரு கோடு, மிக மெலிதாக. மெலிதாக இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ் என்றே எழுத வேண்டும். அதேபோல, நேரம் கடந்து காய்ந்த பிறகு தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

அந்த முதல் கிளினிக்கில் கார்டைப் பார்த்த கையோடு சொன்னார்கள்: “குட்டிதானே அம்மா, இப்போதே கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டால் கஷ்டப்படாது. வீட்டில் வேறு பூனையும் இருக்கிறது என்கிறீர்கள்.” எனக்குக் கை நடுங்கியது. கோபத்தில்தான். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு வரும் ஒருவரிடம், ஒரே கார்டில் கோடு விழுந்ததும் “உங்களுக்கு நோய் இருக்கிறது” என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு வேறு முறையில் இயங்கும் மூன்று கார்டுகளும் ஒரே பதிலைச் சொன்ன பிறகே அறிக்கையில் எழுதுவோம். எச்.ஐ.வி.யும் இந்தப் பூனை வைரசும் ஒரே ரெட்ரோவைரஸ் குடும்பம். மனிதருக்குக் காட்டிய நிதானத்தைப் பூனைக்கு ஏன் காட்டக் கூடாது?

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். நூறு பூனைகளில் இரண்டுக்கு உண்மையில் தொற்று இருக்கிறது, மீதியில் இரண்டுக்குக் கார்டு தவறாகக் கோடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நான்கில் இரண்டு பொய். மிக நல்ல கார்டுக்கும் இதுதான் நிலை. கார்டின் குற்றம் அல்ல. கொழுகொழுவென்று ஓடியாடும் பூனைக்குக் கோடு விழுந்தால் சந்தேகம் அதிகமாகவே இருக்க வேண்டும். சிட்டுவைப் போல ரத்தசோகையோடு வரும் குட்டிக்கு அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்போதும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் பொறுமைசாலி. முழு ரத்தத்தை விட்டுவிட்டு, சுழற்றிப் பிரித்த சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், வேறு நிறுவனத்தின் கார்டில் பார்த்தார். உமிழ்நீரில் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சீரமோ பிளாஸ்மாவோதான் சரி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கும் அனுப்பினார். ஒரு மாத இடைவெளி விட்டு மறுபடியும் கார்டு. எல்லாமே பாசிட்டிவ். முதல் கார்டு சொன்னது உண்மைதான். அந்த வகையில் ஆனிஜென் கார்டுக்கு என்னிடம் முழு மதிப்பெண்.

ஆனால் கார்டால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. 1964-ல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் இந்த வைரசைக் கண்டறிந்தார்கள். தொற்றிய எல்லாப் பூனைகளுக்கும் ஒரே வழி இல்லை என்பது அதற்குப் பிறகு தெரியவந்தது. சில பூனைகளின் உடல் வைரசை அடக்கிவிடும். மரபுப்பொருள் மட்டும் செல்லுக்குள் தங்கும், பி27 ரத்தத்திலிருந்து மறையும், பூனை பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். வேறு சிலவற்றில் வைரஸ் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, ரத்தசோகை, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று கொண்டுபோகும். அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளே வாழ்கின்றன. வயது குறையக் குறைய ஆபத்து கூடுதல். எந்த வழி என்பது மறுபரிசோதனையில்தான் தெரியும். முதல் நாளிலேயே ஊசி போடுவது, நன்றாக இருந்திருக்கக்கூடிய குட்டியையும் சேர்த்துக் கொல்வது.

சிட்டுவுக்கு இரண்டாவது வழிதான் வாய்த்திருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதற்காக இன்றைய சோற்றை எதற்குப் பறிக்க வேண்டும்? அதற்கென்று மாடி அறை. வெளியே விடுவதில்லை. காந்தி மார்க்கெட் மீன் தலை வந்தால் நன்றாக வேகவைத்த பிறகே தட்டில் விழும். பச்சை இறைச்சியும் காய்ச்சாத பாலும் கிடையாது. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஏற்கெனவே குறைந்த ரத்தத்தைக் குடித்துவிடும் என்பதால் மருந்து தவறுவதில்லை. வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை. ஈறின் நிறம் தினமும். இரும்புச் சத்து டானிக்கை நாமாகக் கொடுத்து ரத்தசோகையைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மஜ்ஜையில் உற்பத்தியே தடைபட்டிருந்தால் டானிக்கால் பயன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டின் பெரிய பூனை மீனாட்சிக்கும் கார்டு போட்டோம், நெகட்டிவ். இந்த வைரஸ் பெரும்பாலும் எச்சிலில் பரவுகிறது: ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் உண்பது. வெளியே காய்ந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். சோப்புத் தண்ணீரே அதற்குப் போதும். மனிதருக்கோ நாய்க்கோ தொற்றுவதில்லை. பேரக்குழந்தைகளைப் பூனைப் பக்கம் விடலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவுக்கும் இதையே சொன்னேன். இன்னொன்று: ட்ரைகேட் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஊசி பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், காலிசி ஆகிய மூன்றுக்கு மட்டுமே. லுகேமியா அதில் இல்லை.

இணையத்தில் கார்டு கிடைக்கிறது என்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டியின் நரம்பில் ரத்தம் எடுப்பது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை. புதிய பூனையை ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குள் விடும் முன் கிளினிக்கில் கேட்டு இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கார்டு எங்கே வைக்கப்பட்டிருந்தது, தேதி என்ன, சீரமா முழு ரத்தமா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோடு விழுந்தால் புதிய பூனையைத் தனி அறையில் வைத்து, மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.