மூடியைத் திறந்து பார்த்த பிறகே மெமரி விற்ற கடை

குன்னூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், குறுகலான படியேறிப் போக வேண்டிய கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

அருவங்காட்டு வீட்டில் அப்பா வைத்திருக்கும் மேசைக் கணினிக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மின்கட்டணம், செய்தித்தாள், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச்சு, அவ்வளவுதான். அதற்கே திணறியது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் துடிக்கும். 4 ஜிபி மெமரி போதாமல், மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஒரு கடையில் மதர்போர்டு மாடலைத் துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தேன். சீட்டைப் பார்க்காமலேயே ஒரு மெமரியை எடுத்து நீட்டினார்கள். வீட்டில் பிரித்தால் டிடிஆர்4 என்ற புதிய தலைமுறை மெமரி. எங்களுடையதோ அதற்கு முந்தைய டிடிஆர்3. டிடிஆர்3க்கு விளிம்பில் 240 பின், அதாவது உலோகப் பற்கள்; டிடிஆர்4க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். எப்படி உட்காரும்? மறுநாள் கொண்டுபோனால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற அறிவிப்பைக் கையால் காட்டினார்கள். ஜெர்மனியில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்பிப் பழகியவனுக்கு இரத்தம் கொதித்தது.

குன்னூர் கடைத் தம்பி முதலில் அப்பாவிடம்தான் பேசினார். "ஐயா, இதில் என்னென்ன வேலை பார்ப்பீர்கள்?" கணினியை இயக்கி, விண்டோஸ் 64 பிட்தானா என்று பார்த்தார். 32 பிட்டாக இருந்தால் கூடுதலாகப் போடும் மெமரி வீண் என்று அப்பாவுக்குப் புரியும்படி சொன்னார். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கி, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பழைய மெமரியைக் கழற்றி விளக்குக்கு அருகில் பிடித்தார். தங்க நிறப் பற்களில் மங்கலாக ஏதோ படிந்திருந்தது. "மலை ஈரம், ஐயா. மழைக்காலம் முடிந்தால் இப்படி நிறைய வரும்." பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு பல்லையும் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துகளைத் தட்டிவிட்டார். சிறுவயதில் ரேடியோவைப் பழுதுக்குக் கொடுத்தால் நம் எதிரிலேயே பிரித்து, இன்ன பாகம் போய்விட்டது என்று காட்டுவார்களே, அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது! ஸ்டட்கார்ட்டில் நான் கணினியைக் கொடுத்த இடத்தில் ஒரு படிவமும் வரிசை எண்ணும்தான் கிடைத்தன. யார் திறந்தார், என்ன பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது.

16 ஜிபியாகவே போட்டுவிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஐயா பார்க்கும் வேலைக்கு 8 போதும், மீதிப் பணத்தைப் பின்னால் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பழையதன் ஸ்டிக்கரைப் படித்து, அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி தேடி எடுத்தார். இரண்டும் ஜோடியாக வேலை செய்யும்படி அதற்குரிய ஸ்லாட்டில் வைத்து இரு முனையையும் அழுத்த, தாழ்கள் டக்கென்று விழுந்தன. தொடக்கத் திரையில் 8192 எம்பி, அதாவது 8 ஜிபி என்று வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மெமரி சோதனையையும் முழுதாக ஓடவிட்டார். நாங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தோம்.

பணம் வாங்கும்போது இன்னொன்றும் சொன்னார். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இந்தப் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது, ஆகவே வங்கி வேலையை மட்டும் இதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஊட்டியில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எஸ்எஸ்டி போடும்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த விடுமுறைக்குள் அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.