பளீர் வானம், இருட்டுத் தரை: ஃபில்டரா, பிராக்கெட்டிங்கா, ஒற்றை ராவா?

பொழுது சாயும் நேரத்தில் வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் தரை கருத்துப்போகிறது. தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகிறது. இதைச் சமாளிக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர், ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படமாக எடுத்து இணைக்கும் பிராக்கெட்டிங், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒற்றை ரா கோப்பு என்று மூன்று வழிகளையும் பல வருடங்களாகப் புழங்கிவருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது என் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை ராவே போதுகிறது. ஃபில்டரைக் கடற்கரைக்குப் போனால் மட்டும் எடுத்துப்போகிறேன்.

ஃபில்டரில் இருந்து தொடங்குகிறேன், அதோடுதான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மேல் பாதி சாம்பல் நிறம், கீழ்ப் பாதி வெறும் கண்ணாடி. 0.3 என்றால் 1 ஸ்டாப், 0.6 என்றால் 2, 0.9 என்றால் 3 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். நிறம் மாறும் இடம் வெட்டினாற்போல் இருந்தால் ஹார்டு, மெல்ல மாறினால் சாஃப்ட். அடிவானத்தை ஒட்டி அடர்த்தி அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைந்தும் இருப்பது ரிவர்ஸ். சூரியன் அடிவானத்தைத் தொடும் காட்சிகளுக்கென்றே செய்தது.

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம், நிறம் மாறும் அந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான். லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாக) பார்த்துக்கொண்டு ஃபில்டரை மெதுவாக இறக்கினால் கோடு கண்ணுக்கே தெரியாது. விறுவிறுவென்று மேலும் கீழும் அசைத்தால் பளிச்சென்று பிடிபடும். பிடிபட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதையும் படம் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே (லென்ஸ் துளையின் அளவு) பார்க்க வேண்டும். லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது கோடு மங்கித் தெரியும். எஃப்11, எஃப்16 என்று மூடினால் கூர்மையாகிவிடும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் சாஃப்ட் ஃபில்டரைப் போடுவது கிட்டத்தட்ட வீண். ஃபில்டரின் சிறு பகுதிதான் லென்ஸ் கண்ணில் படுகிறது என்பதால் சட்டம் முழுக்க லேசாக இருட்டுமே தவிர மேலும் கீழும் பெரிய வித்தியாசம் வராது. அங்கே ஹார்டுதான் சரி.

குறைகளும் உண்டு. அடிவானம் நேராக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே போகும். நடுவில் ஒரு மலையோ மரமோ நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலையும் சேர்ந்து இருட்டிவிடும், பிறகு அதைக் கணினியில் தூக்க வேண்டும். அப்படியானால் ஃபில்டர் எதற்கு? மலிவான பிளாஸ்டிக் ஃபில்டர்களை இரண்டாகச் சேர்த்துப் போட்டால் வானம் ஊதாப் பூக்கும். எதிர்வெயிலில் ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே வெளிச்சம் பட்டுத் திரும்பிப் படம் வெளிறிப்போவது தனித் தொல்லை.

பிராக்கெட்டிங்கை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1850களிலேயே பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று தனித்தனி நெகட்டிவ் வைத்து ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், அதனால் வானம் வெளுத்துவிடும். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு டிரைபாடும் பிராக்கெட்டிங் வசதியும் இருக்கின்றன. அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்வு அளவு) மாற்றாமல், ஷட்டரை மட்டும் இரண்டு இரண்டு ஸ்டாப்பாக மாற்றி மூன்று படம் எடுத்தால் போதும்.

எடுப்பது சுலபம், இணைப்பதில்தான் வினை. காற்றில் ஆடும் இலை, அலை, நடந்துபோகும் மனிதர் எல்லாம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் பேய் நிழல் விழும். மென்பொருள் தானாகப் படங்களை இணைத்துச் செய்யும் ஹெச்டிஆர் பல நேரம் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்கு இழுத்துத் தட்டையாக்கிவிடும். ஆகவே இரண்டு படங்களை அடுக்காகப் போட்டு, வானத்தை மட்டும் கையால் மாஸ்க் செய்வதையே (தனியாகப் பிரித்தெடுப்பதையே) விரும்புகிறேன். நேரம் பிடிக்கும்தான்.

சரி, ஒற்றை ரா. இன்றைய நல்ல ஃபுல் ஃப்ரேம் சென்சார்களுக்கு அடிப்படை ஐஎஸ்ஓவில் ஏறத்தாழ 14 ஸ்டாப் டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் பதியக்கூடிய இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி) இருக்கிறது. சூரியன் நேராகச் சட்டத்துக்குள் வராதவரை பெரும்பாலான காட்சிகள் இதற்குள் அடங்கிவிடும். வானம் எரிந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, நிழலைப் பிறகு தூக்குவதுதான் முறை. எரிந்துபோன வானத்தில் எடுக்க எதுவும் மிஞ்சாது. இருண்ட தரையில் நாய்ஸோடாவது (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) ஏதோ இருக்கும். அதற்காக வேண்டுமென்றே இருட்டாக எடுக்கவும் கூடாது. 14 பிட் ராவின் 16,384 வெளிச்சப் படிகளில் பாதி, மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குள் இருக்கின்றன. வானம் தாங்கும் எல்லைவரை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டால்தான் நிழல் சுத்தமாக வரும்.

அந்த எல்லையைக் காட்டுவது ஹிஸ்டோகிராம், அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம். ஆனால் கேமரா திரையில் தெரிவது ஜேபெக் முன்னோட்டத்தின் கணக்கு, ராவின் கணக்கு அல்ல. கேமராவின் பிக்சர் ஸ்டைலை (ஜேபெக்கின் நிறம், கான்ட்ராஸ்ட் அமைப்பு) நியூட்ரலில் வைத்தால் ஓரளவு நெருங்கி வரும். சூரிய அஸ்தமனத்தில் வெள்ளை ஹிஸ்டோகிராமை மட்டும் நம்ப வேண்டாம், மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்புதான் முதலில் வலது சுவரில் முட்டும். ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த படத்தில் நிழலை 3 ஸ்டாப்வரை தயங்காமல் தூக்குகிறேன். 1600-இல் அது நடக்காது.

படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2021-இல் வானத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் மாஸ்க் வந்தபிறகு வேலை பாதியாகிவிட்டது. ஆனாலும் இலைகளுக்கு நடுவே தெரியும் சின்னச் சின்ன வான இடுக்குகளை அது விட்டுவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் மரத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள். வெளிச்ச அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கும் லூமினன்ஸ் ரேஞ்சோடு சேர்த்துக் கட்டினால் சரியாகும். தூக்கிய நிழல் நீலம் பாய்ந்திருக்கும், அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம் என்பதால். கொஞ்சம் வெப்ப நிறம் சேர்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

எந்த வழியில் போனாலும் அளவு தெரிய வேண்டும். ஏரியில் விழும் வானத்தின் பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். வானத்தை இறக்கி இறக்கிப் பிம்பம் அதைவிடப் பளிச்சென்று ஆகிவிட்டால், காரணம் தெரியாதவருக்கும் படம் உறுத்தும். அந்த இடம் வந்ததும் ஸ்லைடரைப் பின்னால் இழுத்துவிடுகிறேன்.

ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்கள், ஃபிலிமில் எடுப்பவர்கள், நீண்ட எக்ஸ்போஷரில் அலையைப் பனிபோல் எடுக்க நினைப்பவர்கள் ஃபில்டர் வாங்கலாம். ஒன்றே ஒன்று என்றால் 0.6 சாஃப்ட் போதும். முன்கண்ணாடி புடைத்த அகலக்கோண லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபில்டரைப் பிடிக்கும் 100 மிமீ ஹோல்டர் பெரும்பாலும் பொருந்தாது, 150 மிமீ பார்க்க வேண்டியிருக்கும். அதன் விலையைப் பார்த்தபிறகு அநேகர் பிராக்கெட்டிங் பக்கமே வந்துவிடுவார்கள்.