பால்சா கிட்டா, ஏ.ஆர்.எஃப்.பா, ஃபோமா: எதைத் தேர்ந்தெடுப்பது?

ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தெர்மோகோல் போன்ற ஃபோமில் வார்த்த விமானம். பெட்டியைத் திறந்து இறக்கையை மாட்டி, பேட்டரியைச் சார்ஜ் செய்தால் பறக்கத் தயார். இரண்டாவது, எல்லாரும் ஏ.ஆர்.எஃப். (Almost Ready to Fly, ஏறக்குறைய பறக்கத் தயார்) என்று சொல்லும் ரகம். பால்சா என்ற லேசான மரத்தில் தொழிற்சாலையிலேயே கட்டி, மேலே சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிமும் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். மோட்டாரையும், விமானத்தைத் திருப்பும் மடல்களை அசைக்கிற சர்வோவையும் நாம் பொருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது கிட். வெட்டிய பால்சா துண்டுகள், குச்சிகள், பலகைகள், நிஜ அளவில் ஒரு வரைபடம், இவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும். விமானத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

நான் எடுத்தது கிட். ஸிக் நிறுவனத்தின் கேடட் எல்டி-40. இறக்கை 70 அங்குல நீளம், பரப்பளவு 900 சதுர அங்குலம், பறக்கும்போது எடை இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடைக்கு இது தாராளமான இறக்கை. அதனால் மெதுவாகப் பறக்கும், மெதுவாக இறங்கும். பழகுவதற்கென்றே வடிவமைத்த விமானம் இது. 40 அளவு கிளோ எஞ்சினுக்காக (எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின்) வந்த கிட்டில் நான் மின்மோட்டார் போட்டேன். நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 500 வாட் அளவுக்குக் கிடைத்தால் இந்த எடைக்குப் போதும்.

கட்டி முடித்து, பறக்கவிட்டு, உடைத்து, ஒட்டி, மறுபடி பறக்கவிட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். என் சாய்வு கிட் பக்கம்தான். அதற்கான காரணம் வழக்கமாகச் சொல்லப்படுகிற காரணம் அல்ல என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நேரம் என்று பார்த்தால் ஃபோமுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஏ.ஆர்.எஃப்.புக்கு ஒரு சனி ஞாயிறு போதும், கிட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். விலையில் கிட் மலிவு என்று நினைத்து இறங்க வேண்டாம். பெட்டியின் விலை குறைவாகத் தெரியும். பசை, ஃபிலிம், சக்கரம், கீல், எரிபொருள் தொட்டி அல்லது பேட்டரித் தட்டு, மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், சர்வோ, ரிசீவர் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டினால் ஏ.ஆர்.எஃப்.பை எட்டிவிடும், சில சமயம் தாண்டியும் விடும். சட்டம் மூன்றுக்கும் ஒன்றுதான். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடல்களை 25 கிலோ வரை தனி வகையாக வைத்திருக்கின்றன. கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கவிட வேண்டும், விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் கூடாது. எந்த வகையை வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

விற்பனை மதிப்பில் கிட் தோற்றுவிடும். கட்டி முடித்த விமானத்தை வாங்க வருகிறவருக்கு ஃபிலிமுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது, பசை பிடித்திருக்கிறதா என்றும் தெரியாது. அதனால் போட்ட காசில் பாதிகூடத் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் பெட்டியோடு இருக்கும் கிட்டுக்கு மட்டும் மதிப்பு நிற்கும்.

சரி, மரத்துக்கு வருவோம். பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. பாப்புவா நியூ கினியிலும் வளர்க்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடுகிற மரம். இதன் பெரிய குணமே ஒரு பலகை மாதிரி இன்னொன்று இருக்காது என்பதுதான். கனஅடிக்கு ஆறு பவுண்டு எடையுள்ள பால்சாவும் உண்டு, பன்னிரண்டு பவுண்டும் உண்டு. 3/32 அங்குலக் கனமும் 3 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள ஒரு பலகை முதல் வகையில் 16 கிராம் இருக்கும், இரண்டாம் வகையில் 32 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கிட் கட்டுகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பலகையையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் மூலையில் எழுதிவிட வேண்டும். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஒரே எடையுள்ள ஜோடியாகப் பிரிக்க வேண்டும். கனமானவற்றை மூக்குப் பக்கமும் லேசானவற்றை வால் பக்கமும் ஒதுக்க வேண்டும். விமானத்தின் எடை சமன்படும் புள்ளியிலிருந்து மூக்கைவிட வால் இரண்டு மூன்று மடங்கு தள்ளி இருப்பதால், வாலில் ஏறுகிற ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டி வரும். தொழிற்சாலையில் யாரும் இப்படி உட்கார்ந்து நிறுப்பதில்லை. அதனாலேயே பல ஏ.ஆர்.எஃப்.கள் புதிதாக எடுத்தபோதே ஒரு பக்கம் சாய்கின்றன.

2020 வாக்கில் பால்சா விலை தாறுமாறாக ஏறியது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகவும் இதே மரத்தைத்தான் வைக்கிறார்கள். சீனாவில் மானியம் முடிவதற்குள் காற்றாலைகளை நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஈக்வடார் மரம் கப்பல் கப்பலாக அங்கே போனது. நம்மைப் போல பலகை பலகையாக வாங்குகிறவர்களுக்கு மிச்சம் மீதிதான். பிறகு காற்றாலைக்காரர்கள் ஃபோம் உள்ளீட்டுக்கு மாறத் தொடங்கியதும் நிலைமை தணிந்தது.

இப்போது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அது பழுதுபார்ப்பு. கிட் என்றதும் கட்டுகிற சுகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டுவது ஒரு தடவை, பழுதுபார்ப்பது விமானம் இருக்கும் வரை. மாடல் விமானம் என்றைக்காவது கீழே விழும். விழுந்த மறுநாள் அது உங்கள் கையில் என்னவாக இருக்கும் என்பதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

என் கேடட் ஒரு தடவை இறங்கும்போது பக்கக்காற்று தூக்கி, இடது இறக்கை நுனி வரப்பில் மோதியது. பார்க்கிறவர்களுக்கு இறக்கையே போய்விட்டது போலிருந்தது. வீட்டுக்கு வந்து, அடிபட்ட இடத்தைத் தாண்டி ஒரு ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு போன்ற துண்டு) தள்ளியே பிளேடால் ஃபிலிமைக் கீறி எடுத்தேன். நுனிப் பக்கம் சில ரிப்கள் நொறுங்கியிருந்தன, முன்விளிம்பு பிளந்திருந்தது, இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்குகிற குச்சியான ஸ்பாரில், மேல் ஸ்பாரில், ஒரு விரிசல். விரிசலைக் கண்ணால் பார்த்தால் போதாது. இறக்கையைக் காதருகே பிடித்து லேசாக வளைக்க வேண்டும். எங்கே ‘கிறிச்’ என்கிறதோ அங்கே உடைசல் இருக்கிறது.

அப்புறம் பரணிலிருந்து வரைபடத்தை எடுத்து, சமதளப் பலகையில் விரித்து, மேலே பாலித்தீன் தாள் போட்டு, இறக்கையை அதன் சொந்தப் படத்தின் மேலேயே குண்டூசியால் நிறுத்தினேன். இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு இனி சந்தேகமே வேண்டாம், ஒவ்வொரு ரிப்பும் கோட்டின்மேல் உட்கார வேண்டும், உட்கார்ந்தது. புது ரிப்களை வரைபடத்திலிருந்து நகலெடுத்து மீந்த பலகையில் வெட்டினேன். ஸ்பாரை நேர்வெட்டாக ஒட்டக்கூடாது. அதன் கனத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, புதுத் துண்டையும் அதே சரிவில் சீவி, மஞ்சள் மரப்பசையால் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். பின்னால் நார் செங்குத்தாக நிற்கும்படி மெல்லிய பால்சாத் தடுப்பு ஒன்றை வைத்தால் பழைய ஸ்பாரைவிட அந்த இடம் உறுதியாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய ஃபிலிமின் மேல் அரை செ.மீ. ஏறும்படி புது ஃபிலிமை வைத்துச் சின்ன அயனால் ஓட்டினால் முடிந்தது. எனக்குக் கூடிய எடை சில கிராம்தான். வலது நுனியில் ஒரு சிறு ஈயத்துண்டு வைத்துச் சமன் செய்துகொண்டேன். அடுத்த முறை பறந்தபோது நேராகப் பறக்க ரிமோட்டில் செய்கிற சிறு திருத்தமான ட்ரிம்மைத் தொடவே தேவைப்படவில்லை.

இதே அடி ஃபோம் விமானத்துக்கு விழுந்திருந்தால்? மைதானத்திலேயே ஃபோமுக்கென்று வருகிற சயனோ பசையால் ஒட்டி, ஐந்து நிமிடத்தில் திரும்பப் பறந்திருக்கலாம். இதை ஒப்புக்கொள்ள வேண்டும், வேகத்தில் ஃபோமை அடிக்க ஆளில்லை. நசுங்கிய மூக்கில் கொதிக்கிற நீரை ஊற்றினால் மணிகள் உப்பி வடிவம் திரும்பவும் வந்துவிடும். ஆனால் வடிவம்தான் வரும், விறைப்பு வராது. ஒட்டிய கோடு கல்லாக இறுகிவிடும், அதன் பக்கத்து ஃபோம் மெத்தென்றே இருக்கும். அடுத்த உடைசல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். இறக்கையில் கொஞ்சம் முறுக்கு ஏறிவிட்டால் அதை நேராக்க ஆதாரமாக எதுவும் இல்லை. வெயில் காலத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் அடர் நிறம் பூசிய ஃபோம் கொப்பளித்துவிடுகிறது. கடைசியில் புது இறக்கைதான் வாங்க வேண்டும், கடையில் இருக்கும் வரை.

பால்சாவுக்கு வெயிலில் ஃபிலிம் சுருக்கம் விழும், அவ்வளவுதான். அயனை ஒரு தடவை ஓட்டினால் விறைத்துக்கொள்ளும். இறக்கை கொஞ்சம் முறுக்கியிருந்தால்கூட, எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க ஃபிலிமையும் சூடாக்கி, ஆறும் வரை விடாமல் பிடித்தால் நேராகிவிடும்.

ஏ.ஆர்.எஃப்.பும் பால்சாதானே, அதையும் இப்படிச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற மாதிரி. வரைபடம் கிடையாது. உள்ளே எந்த இடத்தில் என்ன குச்சி ஓடுகிறது என்பது ஃபிலிமைக் கிழித்த பிறகுதான் தெரியும். நொறுங்கிய ரிப்பின் அசல் வடிவத்தைப் பக்கத்து ரிப்பிலிருந்து ஊகிக்க வேண்டும். ஃபிலிம் என்ன ரகம் என்றும் தெரியாது. வேறு ரகத்தை மேலே ஒட்டினால் ஒன்று சுருங்கும் சூட்டில் இன்னொன்று உருகும். என் நண்பர் ஒருவரின் ஏ.ஆர்.எஃப்.பில் சாதாரணமாக இறங்கும்போதே சக்கரத்தைத் தாங்குகிற பிளைவுட் தட்டு பெயர்ந்து வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் நான்கு மூலையில் நான்கு பொட்டுப் பசை. அதன் பிறகு ஏ.ஆர்.எஃப். வாங்குகிற யாரிடமும் நான் சொல்வது, பறப்பதற்கு முன் மோட்டாரைத் தாங்குகிற தடுப்பு, சக்கரத் தட்டு இரண்டிலும் எபாக்ஸி பசை ஓட்டிவிடுங்கள் என்பதுதான்.

உதிரி பாகம் கிடைக்குமே என்ற நம்பிக்கைக்கு ஆயுள் குறைவு. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஹாபிக்கோ நிறுவனம் திவால் மனு போட்டது. கிரேட் பிளேன்ஸ், டாப் ஃபிளைட் போன்ற பெயர்கள் எல்லாம் அவர்களுடையவை. அந்த வரிசை ஏ.ஆர்.எஃப்.களின் இறக்கையும் வாலும் கையிருப்பு தீரத் தீர மறைந்தன. அதே பெயர்களில் வந்த பழைய கிட்களைக் கட்டியவர்கள் இன்றைக்கும் வரைபடத்தை விரித்து, பலகை வாங்கி, வேண்டியதை வெட்டிக்கொள்கிறார்கள். நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இதுவரை ஒரு விமானமும் ஓட்டிப் பழகாதவர் கிட்டைக் கட்டி முடித்து, அதிலேயே முதல் பாடம் படிக்க வேண்டாம் என்பேன். மாதக்கணக்கான உழைப்பு கையில் இருக்கும்போது விரல் நடுங்கும். சிம்யுலேட்டரும் ஒரு சின்ன ஃபோம் விமானமும் வைத்து, ஏறுவது, திரும்புவது, இறங்குவது கைக்கு வந்த பிறகு கிட்டை ஏற்றலாம். கட்டுவதை அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். மாடி வீட்டில் பசை நாற்றமும் மரத்தூளும் ஒத்துக்கொள்ளாது என்றாலோ, ஒரு மேசையை மாதக்கணக்கில் ஒதுக்க முடியாது என்றாலோ ஏ.ஆர்.எஃப். எடுப்பதில் தப்பே இல்லை. ஜெட் வகை, ராட்சத அளவு, பெட்ரோல் எஞ்சின் இவற்றில் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி அனுபவம் கிடையாது. நான் சொன்னதெல்லாம் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள, மின்மோட்டார் போட்ட பழகு விமானங்களுக்குப் பொருந்தும்.

கிட் என்று முடிவெடுத்தால் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். துண்டுகள் லேசரில் வெட்டியவையா என்பது ஒன்று. பழைய கிட்களில் அச்சு வைத்து அழுத்தி வெட்டுவார்கள். அச்சு மழுங்கியிருந்தால் ஓரம் நசுங்கிப் பிய்ந்து வரும். வரைபடம் நிஜ அளவில், முழுமையாக இருக்கிறதா என்பது இரண்டாவது, அதுதான் முக்கியம். பெட்டி வந்ததும் பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன் அந்த வரைபடத்தைப் பெரிய தாள் நகல் எடுக்கிற கடையில் கொடுத்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். நகல் எடுக்கும்போது அளவு கொஞ்சம் நீளலாம், அதனால் இறக்கை நீளத்தை ஸ்கேலால் அளந்து அசலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிப்பையும், உடலின் குறுக்குச் சட்டமான ஃபார்மரையும் பலகையிலிருந்து பிரித்ததும் ஒரு கெட்டி அட்டையில் வைத்துச் சுற்றிப் பென்சில் ஓட்டி, எண்ணைக் குறித்து உறையில் போட்டு வையுங்கள். கட்டுவது நகலின் மேல் நடக்கட்டும். அசல் சுருண்டு பரணில் இருக்கட்டும்.