ரெசின் கோடரியும் கம்பி வைக்காத கழுத்தும்

காஸ்ப்ளேவுக்கு, அதாவது கதாபாத்திர வேடம் போடுவதற்கு, நான் வைத்திருக்கும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக்) கோடரி கழுத்தில் விட்டுப்போனது. அதற்கு இந்த முறை உருப்படியாக ஒரு ரிப்பேர் செய்து முடித்தேன். இனி அதைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

வார்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலகில் சுத்தியல் பட்ட பள்ளங்கள், பிடியில் தோல் சுற்றிய மடிப்பு எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. பெயிண்ட் அடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரும்பு என்றே நம்புவார்கள். என் கோபம் முழுக்கத் தலையும் பிடியும் சேரும் கழுத்தின் மேல்தான். மொத்த எடையும் வந்து இறங்கும் இடம் அது. அங்கே உள்ளே ஒரு கம்பிகூட வைக்காமல், வழவழப்பான இரண்டு முகங்களைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி அனுப்பியிருக்கிறார் விற்றவர். ஒரு டீக்கு ஆகும் காசில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் பட்டென்று விட்டுவிடும். கோடரியைத் தோளில் சாய்த்துப் போஸ் கொடுக்கும்போது கழுத்தில் விழுவது எல்லாமே வளைக்கும் விசைதான். விட்ட இடத்தில் திரும்பவும் அதையே வைத்தால் புதுப் பசை பழைய பசையைப் பிடிக்குமே தவிர, ரெசினைப் பிடிக்காது.

வேலையை ஆரம்பிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். வார்ப்பு ஒட்டாமல் கழன்று வர அச்சில் தடவிய ரிலீஸ் ஏஜென்ட் மேலேயே இருக்கும். அதோடு தேய்த்தால் கீறலுக்குள் இறங்கிவிடும். காய்ந்த பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் சொரசொரப்பாக்க வேண்டும். மாஸ்க், கையுறை கட்டாயம். ஒட்டப் போகும் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை) சிலருக்குத் தோல் அலர்ஜி தரும்.

உள்ளே போனது முழுக்க மரை போட்ட எம்6 (6 மி.மீ.) கம்பி, பக்கத்துக்கு 5 செ.மீ. ஆழம். முதல் துளையைச் சுற்றி ஈரப் பெயிண்ட் தொட்டு எதிர்ப்பக்கத்தில் அழுத்தினால் வட்டமாக அச்சு விழும். அதன் நடுவில் அடுத்த துளை. டிரில் மெதுவாகச் சுற்றட்டும், சூடானால் ரெசின் இளகிப் பிட்டைப் பிடித்துக்கொள்ளும். கம்பியின் ஒரு பக்கத்தை நீளவாட்டில் அரத்தால் தட்டையாக்கிவிட்டேன். அந்தச் சந்து இல்லையென்றால் துளைக்குள் மாட்டிய காற்று கம்பியை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். ஐந்து நிமிட எபாக்ஸியைத் தொடவே இல்லை. கலக்கி, நுழைத்து, கோணம் பார்ப்பதற்குள் இறுகிவிடும். மெதுவாக இறுகும் வகையை வைத்து ஒரு முழு நாள் அசைக்காமல் விட்டேன்.

எதிர்பார்க்காத சந்தோஷம் அடுத்து வந்தது. கழுத்தின் இரு பக்கமும் அலுமினியப் பட்டை வைத்து, கம்பியின் மேல்முனைக்கு மேலே ஒன்று, கீழ்முனைக்குக் கீழே ஒன்று என எம்4 போல்ட்டைக் குறுக்கே விட்டு, அகல வாஷரும் நைலாக் நட்டும் (நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்டு) போட்டேன். (ரெசினில் நேராக ஸ்க்ரூ முறுக்கினால் பிளந்துவிடும், போல்ட் ஊடுருவிப் போக வேண்டும்.) பலத்துக்காகச் செய்தது, அழகாகவும் அமைந்துவிட்டது! இடைக்கால ஐரோப்பாவின் நெடுங்கோடரிகளிலும் தலையிலிருந்து பிடி மேல் இரும்புப் பட்டை இறக்கி ஆணி அடித்திருப்பார்கள். பட்டைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்ததும், கோடரி அப்படியே பிறந்தது போல ஆகிவிட்டது. இப்போது தலையைப் பிடித்துத் தூக்கினாலும் கழுத்தில் முனகல் இல்லை.

வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், மெல்லிய அலகு வளைந்துவிடும். உள்ளே கம்பியும் வெளியே பட்டையும் இருப்பதை நிகழ்ச்சி வாசலில் ஆயுதச் சோதனை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது இந்தக் கோடரியின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று தம்பி ஒருவன் கேட்கிறான். என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் வேண்டாம் தம்பி. வார்க்கும்போதே கம்பி வைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொல்லட்டும், முழு விலைக்கே வாங்கிக்கொள்.