பனிக் காலத்தில் டிராக்டர் கிளம்பவில்லையா? அவசரப்பட்டு டீசல் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள்

350 ரூபாய் கேபிளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 60,000 ரூபாய் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். டெல்டாவில் டிராக்டர் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பழைய வண்டி வாங்கியவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மூன்று சிலிண்டர் டிராக்டர், பத்து வருடப் பழசு. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை தொடங்கியதும் விடியற்காலையில் வண்டி மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரும், கிளம்பாது. வெயில் ஏறி பதினோரு மணிக்குப் போனால் அரைச் சுற்றில் கிளம்பிவிடும்.

டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பனியில டீசல் உறைஞ்சிருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி ஒரு ஸ்ப்ரேயை அடித்தார். டங்கென்று ஒரு சத்தம், வண்டி கிளம்பிவிட்டது. 500 ரூபாய். இப்படியே ஐந்து நாள் காலை வந்து அடித்தார், ஐந்து முறையும் பணம் வாங்கினார். ஆறாம் நாள் "பம்ப் போயிடுச்சு, நாசிலும் அவுட்டு" என்று டீசல் பம்ப்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்களையும் கழற்றி எடுத்துப் போனார்.

நான்கு நாள் வண்டி இல்லை. மெஷின் அறுத்துக் கொட்டிய நெல் தார்ப்பாய்க்கு அடியில் வயலோரம் கிடந்தது. வாடகை டிரைலர் பிடித்து ஏற்றிப் போனால், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டி இரண்டு நாள் காயவைத்தோம். அந்த அலைச்சலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

பம்ப் வந்தது. பில் 19,500. மதியம் மாட்டினார், உடனே கிளம்பியது. மறுநாள் காலை அதே கதை. போன் செய்தால் எடுக்கவில்லை.

அப்புறம்தான் பக்கத்து ஊர்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு புகையைப் பார்த்தார். "வெள்ளைப் புகை வருதுன்னா டீசல் உள்ளே போகுது, எரியத்தான் இல்லை. பம்ப்பை எதுக்குடா கழட்டவிட்ட?" என்றார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்து, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். 2.8 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதாம். அந்த இரண்டையும் இணைக்கிற எர்த் கேபிளைத் தொட்டால் சுட்டது. கழற்றிப் பார்த்தோம், கேபிள் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. புதுக் கேபிள் போட்டு, பேட்டரி முனைகளை வெந்நீர் ஊற்றிக் கழுவி, இன்ஜின் பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். மறுநாள் ஐந்தரை மணிக்கு முதல் திருப்பிலேயே கிளம்பியது.

காரணத்தையும் அவரே சொன்னார். டீசல் இன்ஜினில் தீப்பொறி போடுகிற ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், அமுங்கிய காற்றும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஓரமாகக் கசிந்துவிடும். குளிரில் பேட்டரியின் வேகம் குறையும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். கேபிளும் கெட்டுப் போயிருந்தால் காலையில் மட்டும் கிளம்பாது. நம் ஊரில் தை மாத விடியல் 20 டிகிரிதான் இருக்கும். அதில் டீசல் உறையாது. லடாக்கில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமலிருக்க 2019-இல் தனி டீசலே கொண்டுவந்தார்கள், அது அந்த ஊர்க் குளிருக்கு. இங்கே யாராவது டீசல் உறைந்துவிட்டது என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேபிளோடு முடிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது, முன்பு அப்படி இல்லை. கும்பகோணத்தில் கொடுத்து இன்ஜினைப் பிரித்தால், இரண்டாம் சிலிண்டரில் ரிங் உடைந்திருந்தது. அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈதர். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே அது வெடிக்கும். டங்கென்ற சத்தம் பிஸ்டன் தலையில் விழுகிற அடி. உள்ளே போகிற காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் வைத்த வண்டியாக இருந்தால் குழாயிலேயே தீப்பிடிக்கும். இந்த வேலைக்கு 38,000 ஆனது. அங்கே பம்ப்பையும் காட்டினேன். கம்பெனி போட்ட ஈயச் சீல் கம்பியோடு அப்படியே இருந்தது. யாரும் திறக்கவே இல்லை. "புது நாசில்" என்று பில்லில் எழுதியிருந்த மூன்றும் பழசுதான், மேலே பெயின்ட் மட்டும் புதுசு.

இப்போது பனி நாளில் சாயந்திரமே டேங்கை நிரப்பிவிடுகிறேன். காலி டேங்கில் ராத்திரி நீர் கோத்து டீசலில் இறங்கும். காலையில் இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் நாப் உள்ளே தள்ளியிருக்கிறதா, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கிற பிடிஓ விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன். கிளட்சை முழுக்க மிதிப்பேன், கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும். கை ஆக்சிலேட்டர் பாதி. சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடிப்பதில்லை. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. கிளம்பியதும் ஆக்சிலேட்டரைக் குறைத்து நாலைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே டிரைலரை இழுப்பேன். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. ஃபில்டரில் தண்ணீரை வடித்து, கைப்பம்ப்பை அடித்து டீசல் லைனில் சிக்கிய ஏரை வெளியேற்றிப் பாருங்கள்.

பம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் சீலை போட்டோ எடுத்து வையுங்கள், நாசில்களில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்ப்ரே டப்பாவோடு யார் வந்தாலும் ஏர் கிளீனர் குழாயில் கை வைக்க விடாதீர்கள்.